வாயைக் கட்டச் சொன்ன நண்பருக்கு

ஊசி போட்டு இளைத்த அக்கா நேற்றுப் போட்ட போட்டோவுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள். மறுபடி சொல்லப் போவதில்லை. "ஊசி போட்டு இளைக்கிறது சோம்பேறிங்க வேலை, வாயைக் கட்டு, நட" என்று எழுதிய நண்பருக்கு மட்டும் ஒரு கணக்கு.

செமாக்ளூடைடு என்கிற அந்த எடை குறைக்கும் ஊசி மருந்தின் சோதனை, 2021-இல் முடிவு வந்தது. உடல் பருமனோ அதிக எடையோ இருந்த 1,961 பேர், 68 வாரம். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத ஊசி. எது யாருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஆனால் சாப்பாட்டைக் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இரண்டு பக்கமும் உண்டு. அதாவது நண்பரே, நீங்கள் சொன்ன அதே வைத்தியம். அது மட்டும் கிடைத்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 2.4 சதவீதம். மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 14.9. நூறு கிலோ ஆளுக்கு இரண்டரை கிலோ எங்கே, பதினைந்து கிலோ எங்கே? இதில் சோம்பேறி யார் சார்?

அக்கா நடக்காதவளா? தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு வரை விடியற்காலையில் நடப்பாள். வரும்போது எங்களுக்கு மீன் வாங்கி வந்து வறுத்துக் கொடுத்துவிட்டு, அவள் ரசம் குடிப்பாள். இரண்டு வருஷத்தில் நாலு கிலோ. அதுவும் திரும்பி வந்துவிட்டது. ஒருநாள் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோக்காரர் "ரெண்டு சீட்டு காசு கொடும்மா" என்றார். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். பேசாமல் கொடுத்தாள். அதற்கென்றே பர்ஸில் தனியாகச் சில்லறை மடித்து வைத்திருந்தாள்.

"சோதனை எலி ஆக்கிட்டாங்க" என்று இன்னொருவர். சோதனை முடிந்து கடைக்கு வந்த மருந்து அய்யா அது. நீங்கள் போடும் காய்ச்சல் மாத்திரை என்ன மரத்திலா காய்த்தது? குமட்டல், வாந்தி வரும். சரி, வரும், டாக்டர் பார்த்துக்கொள்வார். நிறுத்தினால் எடை ஏறுமாம். ஏறும். 20 வாரத்துக்கு அப்புறம் மருந்தை நிறுத்திப் பார்த்த இன்னொரு சோதனையிலும் ஏறத்தான் செய்தது. பிபி மாத்திரையை நிறுத்தினால் பிபி ஏறாதா? உங்கள் அப்பாவையும் சோம்பேறி என்பீர்களா? விலையைப் பற்றிக் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கத்தியிருப்பேன். அதை யாரும் கேட்கவில்லை.

அக்கா கையால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிட்டிருப்பீர்கள்? அப்போது உங்கள் வாயைக் கட்டினீர்களா?

காலையில் பார்த்தால் போட்டோவை எடுத்துவிட்டிருந்தாள். ஏன்க்கா என்றேன். "அந்தப் புடவை எனக்கு நல்லா இல்லடா" என்கிறாள். எம்.சி. ரோட்டில் நான் எடுத்துக் கொடுத்த புடவை அது.