எல்சாட்: தெரியாத கேள்வியை விட்டுவிட வேண்டுமா?

"எல்சாட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், தெரியாததை விட்டுவிடுங்கள், லாஜிக் கேம்ஸ் (புதிர்க் கேள்விகள்) நன்றாகப் பழகுங்கள்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

அமெரிக்க, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான இந்த நுழைவுத் தேர்வில் நெகட்டிவ் மார்க் கிடையாது. சரியான விடைகள் மட்டுமே கணக்கு. அதிலிருந்துதான் 120 முதல் 180 வரையிலான மதிப்பெண் வருகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் 35 நிமிடம்தான். நேரம் முடிகிறதா? மீதமுள்ள எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிடுங்கள். ஐந்தில் ஒரு வாய்ப்பை வீணாக்குவது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

அப்புறம், லாஜிக் கேம்ஸ் பகுதி 2024 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த நேரத்தை, வாதங்களை ஆராயும் தர்க்கப் பகுதிக்கும் வாசிப்புப் பகுதிக்கும் கொடுங்கள்.

தேர்வை நடத்தும் எல்எஸ்ஏசியின் இணையதளத்திலேயே இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.