இரண்டாவது நாற்காலியில் முப்பது வருடம்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் ஒரு உதவிப் பயிற்சியாளர் நன்றாக வேலை செய்கிறார் என்று யாராவது சொன்னால், அடுத்த நொடியே "சரி, இவர் எப்போது தலைமைப் பயிற்சியாளர் ஆவார்?" என்று கேள்வி வந்துவிடும். மார்ச் மாதத் தேசியப் போட்டிகளில் வர்ணனையாளர்களும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி ஆரம்பத்திலிருந்தே உறுத்தும். பில் கத்ரிட்ஜ் என்ற உதவிப் பயிற்சியாளர் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு சுத்தமாகப் பிடிக்காமல் போய்விட்டது.

கத்ரிட்ஜ் 1937இல் கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டெக்ஸ் வின்டரிடம் ஆடினார், பிறகு அவரிடமே உதவியாளராகவும் இருந்தார். 1967இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு, தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் உதவியாளராக வந்தார். 1997 வரைக்கும் அதே ஊர், அதே வேலை. ஸ்மித் மொத்தம் 11 தடவை தன் அணியை ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டம் வரை கொண்டுபோனார். முதல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பக்கத்தில் கத்ரிட்ஜ் இருந்தார். 1976 ஒலிம்பிக்கில் ஸ்மித் அமெரிக்க அணிக்குப் பொறுப்பேற்றபோதும் கூடவே போனார். 1982 தேசிய இறுதி ஆட்டத்தில் மைக்கேல் ஜோர்டான் என்ற முதலாமாண்டு மாணவர் கடைசி நொடிகளில் போட்ட கூடையால் ஜார்ஜ்டவுனை 63–62 என்று வென்றார்களே, அந்த பெஞ்சிலும் இருந்தார்.

வாய்ப்பு வராமல் உட்கார்ந்திருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1978இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தலைமைப் பயிற்சியாளர் பதவி கொடுத்தது. சரி என்றும் சொல்லிவிட்டார். அப்புறம் மனதை மாற்றிக்கொண்டு வட கரோலினாவிலேயே தங்கிவிட்டார். அவருக்கு அப்போது நாற்பது வயது சொச்சம்தான். நம் கணக்குப்படி அது பைத்தியக்காரத்தனம். எனக்கு அதில் ஒரு தெளிவு தெரிகிறது. தனக்கு எந்த வேலை பிடிக்கும், எதில் தான் கெட்டிக்காரன் என்று தெரிந்த ஒரு மனிதர் எடுத்த முடிவு அது.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டிவியில் அது தெரியவே தெரியாது. பல அணிகளில் வரப்போகிற எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை ஆட்டம் உங்கள் பொறுப்பு என்றால், அந்த அணியின் பழைய ஆட்டங்களை வரிசையாக வீடியோவில் பார்க்க வேண்டும். எந்தப் பையன் இடது பக்கம்தான் திரும்புவான், யார் களைத்துப்போனால் தடுப்பாட்டத்தில் கையைக் கீழே போடுவான், நேரம் கேட்டு நிறுத்திய பிறகு முதல் பந்தை யாரிடம் கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில் நம் அணியின் கடைசி வரிசைப் பையன்களுக்கு எதிரணியின் ஆட்ட முறையைக் கற்றுக்கொடுத்து, அவர்களை எதிரணியாகவே ஆட வைக்க வேண்டும். மறுநாள் எதிரணிப் பயிற்சியாளர் ஒரு விரலை உயர்த்திச் சைகை காட்டிய அந்தக் கணத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து, என்ன வரப்போகிறது என்று நம் ஆட்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். சொன்னது சரியாக இருந்தால், எதிரணி பந்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் திணறும். பார்க்கிறவர்கள் "அருமையான தடுப்பாட்டம்" என்று கைதட்டுவார்கள். அவ்வளவுதான், ஆட்டத்தின் புள்ளிவிவரத்தில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது.

இது போதாதென்று கோடைக்காலத்தில் பள்ளி மாணவர்களைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும். ஜூலை மாத வெயிலில் ஏதோ ஒரு உள்ளரங்கில், வேறு கல்லூரிகளின் உதவியாளர்களோடு வரிசையாக உட்கார்ந்து பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஆடுவதைப் பார்ப்பார்கள். பார்க்கலாம், ஆனால் அங்கே அந்தப் பையனிடம் போய்ப் பேச விதிகள் அனுமதிக்காது. பேச்சு எல்லாம் அப்புறம் போனில்தான், அதுவும் மாதக்கணக்கில், அவன் அம்மாவோடும் பள்ளிப் பயிற்சியாளரோடும். அத்தனையும் செய்து, கடைசி நாளில் அவன் வேறு கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கத்ரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். 1997 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது, 879 வெற்றிகளோடு ஸ்மித் திடீரென ஓய்வு பெற்றார். வெளியாளைத் தேட நேரமில்லாத சமயம் பார்த்து விலகியதே பொறுப்பு கத்ரிட்ஜிடம் போக வேண்டும் என்பதற்காகத்தான் என்று அப்போதே பரவலாகப் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அறுபது வயதில் முதல் முறையாகக் கல்லூரி அணி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணியில் பிற்காலத்தில் தொழில்முறை நட்சத்திரங்களான ஆன்டன் ஜேமிசன், வின்ஸ் கார்ட்டர் எல்லாம் இருந்தார்கள். ஐந்து பேர்தான் ஆட்டத்தைத் தொடங்க முடியும், ஆனால் இவரிடம் அதற்குத் தகுதியான ஆறு பேர். யார் மனமும் நோகாதபடி ஆட்டத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து பெஞ்சில் உட்கார வைத்தார். முப்பது வருடம் பெஞ்சிலிருந்து பையன்களின் முகத்தைப் பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். அந்த சீசனில் 34 வெற்றி, 4 தோல்வி. மூன்று சீசன்களில் இரண்டு முறை ஃபைனல் ஃபோர், மொத்தம் 80 வெற்றி, 28 தோல்வி. 2000இல் அணி தடுமாறியபோது ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தன் பிரிவின் தரவரிசையில் எட்டாம் இடத்தோடு தேசியப் போட்டிக்குள் நுழைந்த அதே அணியை ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோய்விட்டு, அந்த வருடமே ஓய்வு பெற்றார்.

இந்த மூன்று வருடத்தை வைத்து "பார்த்தீர்களா, முன்பே தலைமைக்குப் போயிருக்கலாமே" என்கிறார்கள். என் வாதம் அதற்கு நேர் எதிரானது. இந்த மூன்று வருடம் நடக்காமலே போயிருந்தாலும் அவர் வாழ்க்கை முழுமையானதுதான்.

ஆனால் ஒன்று. இரண்டாவது நாற்காலியை மதிக்க வேண்டும் என்று நான் சொல்வதை, குறைந்த கூலிக்கு நியாயமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ராய் வில்லியம்ஸ் 1978இல் இதே வட கரோலினாவில் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தபோது வருடச் சம்பளம் 2,700 டாலர். ஸ்மித்தின் டிவி நிகழ்ச்சி டேப்பை ஞாயிறு காலையில் காரில் கொண்டுபோய் ஆஷ்வில்லில் உள்ள நிலையத்தில் கொடுத்துவிட்டு வருவார், அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம். அணியின் காலண்டரை விற்றும் குடும்பத்தை ஓட்டினார். பிற்காலத்தில் தலைமைப் பயிற்சியாளராக மூன்று முறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்றதால் இது இனிமையான கதையாகிவிட்டது. டேப் ஓட்டிக் களைத்து, பட்டமும் கிடைக்காமல் போன எத்தனையோ பேரின் கதையை யார் சொல்கிறார்கள்?

1990களின் தொடக்கத்தில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ இந்தக் குறைந்த சம்பளத்தை விதியாகவே ஆக்கியது. ஒரு வகை உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்கு 12,000 டாலர், கோடைக்கு 4,000 டாலர், அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு. பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1995இல் நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. 1999இல் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து என்சிஏஏ வழக்கை முடித்துக்கொண்டது.

2017 செப்டம்பரில் எஃப்பிஐ நடவடிக்கையில் நான்கு பெரிய பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் லஞ்ச வழக்கில் கைதானார்கள். நான்கு பேரும் உதவிப் பயிற்சியாளர்கள். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேர் சிறைக்கும் போனார்கள். செய்தது தப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எந்தத் தலைமைப் பயிற்சியாளர் மீதும் குற்றவழக்கு வரவில்லை. எப்படியாவது அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வா என்ற அழுத்தம் மேலிருந்துதானே வருகிறது?

கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் கிறிஸ் டெய்லி 1985 முதல் தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவோடு உதவியாளராக இருக்கிறார். 12 தேசியப் பட்டங்களிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2021 தேசியப் போட்டியின்போது ஆரியம்மாவுக்குக் கோவிட் வந்து, முதல் இரண்டு ஆட்டங்களை டெய்லிதான் நடத்தினார், இரண்டிலும் வெற்றி. பெண்கள் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் 2018இல் அவரைச் சேர்த்தார்கள். ஆண்கள் பக்கமும் இப்படி நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதைவிட முக்கியமானது ஒப்பந்தம். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் மீதி வருடங்களுக்காகப் பல லட்சம் டாலர் கொடுத்து அனுப்புகிறார்கள். அவரோடு சேர்ந்து வெளியே போகும் உதவியாளர்கள் வீட்டை விற்று, பிள்ளைகளுக்கு வேறு ஊரில் பள்ளி தேடுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. உதவியாளர்களுக்கும் பல வருட ஒப்பந்தமும், நீக்கினால் ஈட்டுத்தொகையும் எழுதிக் கொடுக்கட்டும்.