நீங்களே பாத்து எதையாவது போட்டு விடுங்க

மணப்பாறையில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மே, ஜூன் வந்துவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட வருகிறவர்களிடம் சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் இருக்கிறதா, ஓடிபி வருகிற போன் கையில் இருக்கிறதா என்று கேட்பதோடு என் வேலை முடிந்துவிட வேண்டும். முடிவதில்லை.

போன வருடம் ஒரு பையன் அப்பாவோடு வந்தான். கணக்கு மார்க்கை முழுசாகவும், இயற்பியல், வேதியியல் மார்க்கைப் பாதியாக்கியும் கூட்டிப் பார்த்தால் கட்-ஆஃப் 200க்கு 142. "எந்த கோர்ஸ்ப்பா முதல்ல போடணும்?" என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். "நமக்கு என்ன தம்பி தெரியும்? நீங்களே பாத்து எதையாவது போட்டு விடுங்க" என்றார்.

நான் பி.காம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்குகிறவன். ஒரு பிள்ளையின் நாலு வருடத்தைத் தீர்மானிக்கிற வேலை என் கீபோர்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு லட்சியமே கிடையாது, எந்நேரமும் போன்தான்" என்று கடைக்கு வருகிற பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பிள்ளைகள் கிட்டப் போய்ப் பார்த்த வேலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: டீச்சர், நர்ஸ், போலீஸ், கண்டக்டர், கடைக்காரர். பார்க்காத ஒன்றின் மேல் ஆசை எப்படி வரும்? ஊருக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் அவ்வளவு பெரிய காகித அட்டை ஆலை ஓடுகிறது. உள்ளே எந்தப் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து இருக்கிறது. ஆனால் நம் ஊரில் வெல்டர் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்.

எதுவுமே தெரியாதவர்களுக்கு மிச்சம் இருப்பது அரசுத் தேர்வு. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அதில் கொஞ்சம் என் கடையில் போட்டதுதான், எனக்கும் அது வருமானம்தான், மறைப்பானேன். வி.ஏ.ஓ. ஆகணும் என்றவனிடம் "அவர் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையெழுத்துப் போடுவாருண்ணா" என்றான்.

பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கூட்டி வருகிறார்கள். பக்கத்தில் ஒரு பள்ளியில், கண்ணை மூடிக்கொண்டு பத்து வருடம் கழித்து உங்களையே பாருங்கள் என்று சொன்னாராம் ஒருவர். மறுநாள் பிரிண்ட் எடுக்க வந்த பொண்ணு சொன்னது: "கண்ண மூடுனா இருட்டாத்தான்ணா இருந்துச்சு."

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022-ல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் தருகிற 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ் காசுக்கே படிப்பை விட்ட வீடுகள் எனக்குத் தெரியும், அதனால் அந்த ஆயிரத்தை யாராவது கிண்டல் செய்தால் கோபம் வரும். ஆனால் காலேஜுக்குப் போக வழி கிடைத்த பிறகும், எதைப் படிக்க என்ற கேள்வி என் கடை வாசலில்தான் நிற்கிறது.

சரி, அந்த 142 பையன். சாய்ஸ் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. எதிர்ச் சாரியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் அவனை நாலு நாள் உட்கார வைக்கச் சொன்னேன். "உக்காரட்டும், எதையும் தொடக்கூடாது" என்றார். மூன்றாம் நாள் அவரே காயிலுக்குச் சுற்று எண்ண விட்டிருக்கிறார். பாதியில் எண்ணிக்கை விட்டுப் போய், மொத்தத்தையும் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றியிருக்கிறான். சாயங்காலம் கை முழுக்க வார்னிஷ் வாடையோடு வந்து நின்றான்.

"அண்ணா, லோ வோல்டேஜ்ல மோட்டார் எரியுதுங்கறாரு. வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் கொறையணும்ல? ஏன் கூடுது?"

எனக்கென்ன தெரியும்! ட்ரிபிள் ஈ-யில், அதாவது மின், மின்னணுப் பொறியியலில் சொல்லித் தருவார்களாக இருக்கும் என்றேன். ட்ரிபிள் ஈ-யை மேலே போடச் சொன்னது அவன்தான். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்பிய பொண்ணு இரண்டாம் நாளே "எனக்கு இது வேணாம்ணா" என்று வந்துவிட்டது. நல்லதுதான், மூன்று வருடம் பி.காம் படித்த பிறகு நான் கண்டுபிடித்ததை அது இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டது. பட்டறைக்குப் பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் விடுவதில்லை. அதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. சில கடைக்காரர்கள் "டீ வாங்கிட்டு வர ஆள் வேணும்னா அனுப்பு" என்கிறார்கள். அந்தப் பக்கம் அனுப்புவதில்லை.

பதினேழு வயதில் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதே அதிகம். எனக்கு நாற்பத்தி மூன்று, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். "ஏன் கூடுது?" மாதிரி ஒரு கேள்வி உள்ளே விழுந்தால் போதும், மிச்சத்துக்கு அவர்களே அலைவார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் லேபில், சர்வேயில், பண்ணையில், அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள். மே மாதம் இரண்டு நாள், ஒரே ஒரு பிள்ளை உங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் தொந்தரவாக இருக்குமா? இருக்கும், ஏகப்பட்ட கேள்வி கேட்பார்கள். பரவாயில்லை என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். இப்போதைக்கு என்னிடம் ஏழு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தனுக்குத் தேனீ வளர்ப்பவர் யாராவது வேண்டுமாம்.