வழக்குக்கு முன்பே வந்த படம் அது

ஈடி வின்ட்சர், தியா ஸ்பையர் என்ற அமெரிக்கப் பெண் ஜோடியைப் பற்றிய 'ஈடி அண்ட் தியா' ஆவணப்படம் நீதிமன்ற வெற்றியைச் சொல்லும் படம், அந்தத் தீர்ப்பால்தான் அமெரிக்கா முழுக்க ஒருபாலினத் திருமணம் வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. படம் வந்தது 2009இல். தியா இறந்த பிறகு 3,63,053 டாலர் எஸ்டேட் வரி (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மீதான வரி) கட்டவைத்ததை எதிர்த்து ஈடி வின்ட்சர் வழக்குப் போட்டது 2010இல். கணவன் மனைவி என்றால் அந்த வரியே கிடையாது; ஆனால் இவர்கள் திருமணத்தை மத்திய அரசு ஏற்கவில்லை. அவர் 2013இல் வென்றபோது, மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட திருமணங்களை மத்திய அரசும் ஏற்க வேண்டியதாயிற்று. நாடு முழுவதற்குமான உரிமை 2015இல், வேறொரு வழக்கில் கிடைத்தது.

சரி, படத்தில் இருப்பது என்ன? காதல்தான். 1967இல் தியா மோதிரம் தராமல் திருமண நிச்சயத்துக்கு அடையாளமாக வைரம் பதித்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அணி) ஒன்றைத் தந்தார். மோதிரம் போட்டால் மாப்பிள்ளை யார் என்று ஈடியின் ஐபிஎம் அலுவலகத்தில் கேட்பார்களே! அப்புறம் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய் தியாவை மெல்ல மெல்ல முடக்கியது. சக்கர நாற்காலியில் இருந்தவரோடு ஈடி நடனத்தை விடவில்லை. நாற்பது வருடம் காத்திருந்து, 2007இல் டொரோண்டோ போய் மணந்துகொண்டபோது தியாவுக்கு 75, ஈடிக்கு 77.