ஓட்டோ ட்ரான்ஸ்ஃபர் தேடுவதற்கு முன் ரயரை அளந்து பாருங்கள்

மாரி தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: பழைய டபுள் கெப்புக்கு ஓட்டோ ஃபோர்வீல் ட்ரான்ஸ்ஃபர் மாற்றலாமா? (ட்ரான்ஸ்ஃபர் என்பது கியர் பொக்ஸிலிருந்து வரும் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பொக்ஸ்.) 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திறந்தும், புதுக் கெப் வாங்குவது கனபேருக்குக் கனவுதான். கையில் இருக்கிற வண்டியைத் திருத்த நினைப்பது நியாயம். ஆனால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பொக்ஸை மட்டும் விலைபேசி ஏற்றி வருவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

சாதாரண ட்ரான்ஸ்ஃபர் 4எச்சில் (நான்கு சில்லும் இழுக்கும் நிலை) முன் சாஃப்டையும் பின் சாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். மணற்காட்டு மணலில் பிரச்சினை இல்லை, சில்லு சறுக்கி இறுக்கத்தை விட்டுக்கொடுக்கும். காய்ந்த தார் றோட்டில் வளைக்கும்போது முன் சில்லுகள் பின்னதைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும். அங்கே சறுக்க இடமில்லாததால் ஸ்டியரிங் கனக்கிறது, வண்டி துள்ளுகிறது. ஓட்டோ வகையில் இந்த இறுகின பூட்டுக்குப் பதிலாகக் கிளச் தட்டுகளின் அடுக்கு இருக்கும். பின் சாஃப்ட் முன்னதைவிட வேகமாகச் சுற்றுவதைச் சென்சர்கள் காட்டியதும், சிறிய மோட்டர் ஒன்று தட்டுகளை நெருக்கி முன்னுக்கு இழுவை அனுப்பும். அதாவது அந்தப் பொக்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் வேக வித்தியாசம் ஒன்றுதான். அது சறுக்கலால் வந்ததா, தேய்ந்த ரயரால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 245/70ஆர்16 ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,350 மில்லிமீற்றர். பின் ரயர்கள் முன்னதைவிட 3 மில்லிமீற்றர் கூடத் தேய்ந்திருந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் குறையும். நூறு கிலோமீற்றருக்குள் பின் சில்லு 340 சுற்று கூடச் சுற்றும். டிஃப் விகிதம், அதாவது சில்லு ஒருமுறை சுற்றச் சாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது, 4.1 என்றால் சாஃப்டில் அது 1,400 சுற்று. ஏ9இல் நேராக ஓடும்போதே கிளச் சூடாகித் தேய்கிறது. நான்கு ரயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஸ்பெயார் சில்லைப் போட்டால் 2எச்சில் (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) ஓடுங்கள்.

அடுத்தது முன், பின் டிஃப் விகிதம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் விட்டு, நிற்கிற சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சில்லை மட்டும் உயர்த்துங்கள். சாஃப்டில் சோக்கால் கோடு போட்டு, சில்லைச் சரியாக இரண்டு முறை சுற்றுங்கள். சாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் விகிதம். முன்னும் இப்படியே, சில்லை அச்சோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டிவிட்டு. இரண்டு சில்லும் தனித்தனியே சுற்றுவதைத் தடுக்கும் லிமிற்றட் சிலிப் டிஃபில் இது சரிவராது. அங்கே இரண்டு சில்லையும் உயர்த்தி, ஒரு சுற்றுக்கு எண்ணுங்கள்.

இவை சரியென்றால் மட்டும் பொக்ஸைத் தேடுங்கள். கியர் பொக்ஸிலிருந்து வெளிவரும் சாஃப்டின் பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டைகளின் அமைப்பு, முன் சாஃப்ட் வெளியேறுவது இடமா வலமா, எல்லாம் ஒத்துவர வேண்டும். வண்டி நான்கு சில்லிலும் நிற்கும்போதுதான் சாஃப்ட் நீளத்தை அளக்க வேண்டும், ஜக்கில் தொங்கும்போது அல்ல. வெட்டி ஒட்டினால் பலன்ஸ் பண்ணாமல் போடவேண்டாம்.

பொக்ஸ் வந்த அதே வண்டியிலிருந்து மோட்டர், அதைக் கட்டுப்படுத்தும் மொடியூல், வயர் தொகுதி, சென்சர்கள், சுவிட்ச், முன் அச்சை இணைக்கும் அக்சுவேற்றர் எல்லாம் சேர்த்து எடுங்கள். சென்சர் வளையத்தின் பல் எண்ணிக்கை மாறினால் மொடியூல் பிழையான வேகத்தைக் கணிக்கும். புதிய மாடல்களின் மொடியூல், எஞ்சின் கொம்பியூட்டரிடமும் ஏபிஎஸ்ஸிடமும் தகவல் கேட்கும். பதில் வராவிட்டால் லைற் மினுங்க, 2எச்சிலேயே நின்றுவிடும். கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல்: ஹப் திறந்திருந்தால் முன் சாஃப்ட் நிற்கும், மொடியூல் அதைச் சறுக்கலாக எடுத்துக் கிளச்சை இறுக்கும்.

அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் பிக்கப்களில் வந்த என்வி246 ட்ரான்ஸ்ஃபர் இந்த ஓட்டோ வகைக்கு நல்ல உதாரணம். அதன் ஒயில் பம்ப் பின்பக்க உறையை உள்ளிருந்து உராய்ந்து ஓட்டை போடும். பழைய பொக்ஸ் வாங்கினால் திறந்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு எது பொருத்தம் என்று கேட்டால், மிட்சுபிசியின் சூப்பர் செலக்ட் என்பேன். 1991இல் பஜேரோவோடு வந்தது. நடுவில் டிஃபரென்சியல் இருப்பதால் 4எச்சில் தார் றோட்டிலும் ஓடலாம். சென்சர் பார்த்து இறுகும் கிளச் இல்லை, பழைய மாடல்களில் தடித்த திரவத்தால் இறுகும் விஸ்கஸ் கப்ளிங் அந்த வேலையைச் செய்கிறது. உப்புக் காற்றில் எவ்வளவு குறைவாக மின்சாரத்தை நம்புகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. மிட்சுபிசி எல்200 கெப் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான். முன் அச்சை இணைக்கும் வக்கூம் குழாய்கள் வெடித்திருக்கிறதா என்று மட்டும் வடிவாகப் பாருங்கள்.

எந்தப் பொக்ஸ் என்றாலும் அது மூச்சுவிடும் பிரீதர் குழாயை எஞ்சின் அறையின் மேல்மட்டத்துக்கு ஏற்றுங்கள். சூடான பொக்ஸ் வெள்ளத்தில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும். ஒயில் பால் நிறமானால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கிளச் வகைக்குக் கையேடு சொன்ன ஒயில்தான். வேறு ஊற்றினால் வளைவில் அதிரும். முதல் 500 கிலோமீற்றரில் ஒருமுறை மாற்றுங்கள்.

கராஜ்காரருக்கு முக்கியமாக ஒன்று: பின் சில்லுகளை மட்டும் உயர்த்தி ஓட்டோவில் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். பின் சில்லு சுற்றத் தொடங்கியதும் முன் சில்லு இழுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து பாயும். நான்கு சில்லும் உயர்ந்திருக்க வேண்டும், அல்லது 2எச்சில் வைத்துவிட்டு முன் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும்.