திரும்பி வரும் வழி அத்தனை சுலபமா?
அரசுப் பதவிக்குப் போகும் சர்வதேச உறவுகள் பேராசிரியர் எப்போது வேண்டுமானாலும் வகுப்பறைக்குத் திரும்பிவிடலாம் என்று நான் படித்த கட்டுரை ஒன்று சொல்வது பாதிதான் சரி. கட்டுரை உதாரணம் காட்டும் ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி கிசிஞ்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகப் போனபோது ஹார்வர்டு கொடுத்தது இரண்டு வருட விடுப்புதான். கெடு முடிந்ததும் பல்கலைக்கழகமா, வெள்ளை மாளிகையா என்ற கேள்வி வந்தது. 1971 தொடக்கத்தில் நிரந்தரப் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டார். ஹார்வர்டு சகாக்களுடனான உறவு அதற்கு முன்பே கசந்துபோயிருந்தது. 1970 மே மாதம், வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படை கம்போடியாவுக்குள் நுழைந்த சில நாட்களில், தாமஸ் ஷெல்லிங் உள்ளிட்ட ஹார்வர்டு சகாக்கள் கூட்டாக வாஷிங்டனுக்கே போய் கிசிஞ்சரின் முகத்துக்கு நேரே கண்டனம் சொல்லிவிட்டு வந்தார்கள். ஷெல்லிங் ஒன்றும் கொடி பிடிக்கிற ஆள் இல்லை, அணு ஆயுத உத்தியில் பெரிய கை. அப்புறம் 1977இல் கொலம்பியா பல்கலைக்கழகம் கிசிஞ்சருக்கு ஒரு பேராசிரியர் இருக்கை தர முன்வந்தபோது மாணவர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அவர் ஜார்ஜ்டவுனில் பாடம் எடுக்கப் போனார். அதற்காக, அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருப்பதுபோல எல்லாருக்கும் இதே கதி என்றும் சொல்ல முடியாது. மேடலின் ஆல்பிரைட் வெளியுறவு அமைச்சர் பதவிக்குப் பிறகு ஜார்ஜ்டவுனுக்கே திரும்பிப் பல வருடம் பாடம் நடத்தினார். புஷ் ஆட்சியில் வெளியுறவு அமைச்சராக இருந்த காண்டலீசா ரைஸ் 2009இல் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பியபோது ஈராக் போரை வைத்து எதிர்ப்புக் குரல்கள் கேட்டன, ஆனாலும் பழைய இடம் கிடைத்தது. ஹார்வர்டின் அந்த இரண்டு வருட விதியையாவது கட்டுரையாளர் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.