ஊசி ரீசெட் செய்தால் கேபிள் வேகம் கூடுமா?

"கேபிளில் இணைத்த கணினியில் வேகம் 95 மெகாபிட்டைத் தாண்டவில்லையா? ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியால் பத்து நொடி அழுத்துங்கள், முழு வேகம் வந்துவிடும்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த அறிவுரை தவறானது. பல வீடுகளில் இது இருக்கும் இணைப்பையும் துண்டித்துவிடும்.

95 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக இருக்கின்றன. 100 மெகாபிட் இணைப்புக்கு இரண்டு இணைகள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனை சரியாகப் பொருந்தாவிட்டாலோ, பல கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். அதில் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 95. அறுந்த கம்பியை எந்த ரீசெட்டும் ஒட்டவைக்காது.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட் 5இ (Cat 5e) என்ற கேபிள் வகையே 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைத் தாங்கும். விலை உயர்ந்த கேட் 8 வீட்டுக்குத் தேவையே இல்லை. பிறகு ரவுட்டரில் கேபிளைச் செருகும் போர்ட்டை மாற்றுங்கள். சில ரவுட்டர்களில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட், சிலவற்றில் அதுவும் கிடையாது. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்றிருக்கிறதா, 1000 என்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஊசி ரீசெட் அழிப்பது இணைய நிறுவனம் ரவுட்டரில் பதிந்துவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகளை. அவை கையில் இல்லையென்றால் டெக்னீஷியன் வரும்வரை வீட்டில் இணையமே இருக்காது. மறுதொடக்கம்தான் வேண்டுமென்றால் மின்சார சுவிட்சை அணைத்துப் போடுங்கள், போதும்.